கோழிக்காசு: தீவகத்தின் எழுதப்படாத கணக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நயினாதீவிலிருந்தே தொடங்குவார்கள். அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கட்டளை அது. கடல் கடந்து வரும் வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது அக்கட்டளை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உரியவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் சரிபாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் இக்கல்வெட்டைப் பதிப்பித்து ஆராய்ந்த பின்னர், தீவகம் பற்றிய எந்த வரலாற்றுக் கட்டுரையும் இதைத் தொடாமல் போனதில்லை.

யானைக்கும் குதிரைக்கும் இப்படிக் கல்லிலே கணக்கு இருக்கிறது. 1344-இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது அரசனிடம் கண்ட முத்துக்களைப் பற்றி எழுதி வைத்தார். போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். 1658-இல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். அந்தக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டற்றுத் திரிகின்றன. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துப் போகிறார்கள்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டு போகையில் நான் தேடியது வேறொரு உயிரை. வளவுக்குள் கிளறித் திரியும் கோழியை. அதற்குக் கல்வெட்டு இல்லை. அதன் வழித்தோன்றல்களை யாரும் படமெடுப்பதுமில்லை. ஆனால் தீவுகளில் நூறு வீட்டு வாசல்களைத் தட்டினால் குதிரை வைத்திருந்த வீடு ஒன்றைக் காண்பது அரிது. கோழி வைத்திராத வீட்டைக் காண்பதும் ஏறத்தாழ அவ்வளவு அரிது. பெரும்பாலான மக்களின் வாழ்வோடு கலந்திருந்த உயிர் எப்படி வரலாற்றுக்கு வெளியே நின்றது என்ற கேள்வியே இக்கட்டுரை.

* * *

கோழியினம் முற்றாகவே வரலாற்றுக்கு வெளியே நின்றது என்று சொல்லிவிட முடியாது. சேவலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்றோர் ஊர். அங்கே வட்டெழுத்தில் பொறித்த பழைய நடுகல் ஒன்று உண்டு. போர்க்களத்தில் விழுந்த வீரனுக்கு எடுத்த கல் அல்ல. சண்டையில் விழுந்த சேவலுக்கு எடுத்த கல். முருகனின் கொடியில் நிற்பது சேவல். சோழரின் உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் இருந்தது. யானையை எதிர்த்து வென்ற கோழியின் கதையை அதற்குக் காரணமாகச் சொன்னார்கள்.

அரபு இலக்கியத்திலும் இதே நிலைதான். 9-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிழ் தம்முடைய ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெருநூலில், நாய் உயர்ந்ததா சேவல் உயர்ந்ததா என்று இரு கட்சிக்காரரை எதிரெதிரே நிறுத்தி நெடிய வாதம் ஒன்றை நடத்துகிறார். பஜ்ருக்கு முன் கூவி எழுப்பும் சேவலை நம்மவர்கள் மதிப்போடுதான் பார்த்தார்கள். ஆனால் சண்டையும் கூவலும் கொடியும் ஆணுக்கு உரியவை. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, பருந்தை விரட்டும் பேட்டுக்குக் கல்லுமில்லை, வாதமுமில்லை.

இதற்கு மாறான உதாரணம் ஒன்று இலங்கை வரலாற்றில் உண்டு. 1660-இல் பிடிபட்டு, 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் கோழியும் பன்றியும் வளர்த்து, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்த கதையைத் தம்முடைய நூலில் சொல்கிறார். அந்நூல் 1681-இல் இலண்டனில் வெளிவந்தது. கைதியான ஓர் ஆண் கோழி வளர்த்தால் அது நூலேறுகிறது. அதே காலத்தில் தம் வீட்டு வளவில் அதே வேலையைச் செய்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது வெறும் வீட்டு வேலை.

நெடுந்தீவுக்குப் போனபோது வைத்தியசாலைக்கு அருகிலுள்ள பழைய புறாக்கூட்டைப் பார்த்தேன். முருகைக்கல்லால் கட்டியது, சுவரெங்கும் வரிசை வரிசையாக மாடங்கள். ஐரோப்பியர் காலத்தில் செய்தி அனுப்புவதற்குத் தூதுப் புறாக்களை அதிலே வைத்திருந்தார்கள் என்பார்கள். அரசாங்கத்துக்கு உழைத்த பறவைக்குக் கல்வீடு; அது இன்றும் நிற்கிறது. வீட்டுக்கு உழைத்த பறவை பனைமட்டைக் கூட்டிலும் கவிழ்த்த கடகத்துக்கு அடியிலும் கிடந்தது. பனைமட்டை சில மாரிகளில் உக்கிப் போகும். எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பதைக் கட்டிய பொருளே தீர்மானித்துவிடுகிறது. நாம் மிஞ்சியதை மட்டும் வரலாறு என்கிறோம்.

* * *

தீவகத்து வளவில் வளர்ந்தது கோழி மட்டுமல்ல. வசதிக்கும் தண்ணீருக்கும் ஏற்ப தாரா, வான்கோழி, கினிக்கோழி, புறா என்று கலந்தே வளர்த்தார்கள். இந்தச் சிறு கூட்டத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் அது உலக வரைபடம் போல இருக்கும்.

வீட்டுக்கோழியின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளிலும் இந்தியாவிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. 2022-இல் வெளியான ஆய்வுகள், ஐயத்துக்கு இடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவையே என்கின்றன. காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த காட்டுப் பறவை மெல்ல மெல்ல வீட்டோடு ஒட்டிக்கொண்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி வேறோர் இனம். ஆகவே தீவுகளுக்கு வீட்டுக்கோழி மனிதர் கையில், தோணியில்தான் வந்திருக்க வேண்டும்.

கினிக்கோழி ஆபிரிக்காவின் பறவை. அந்நியர் வளவுக்குள் கால் வைத்தால் ஊரே கேட்கக் கத்தும். வான்கோழியும் மணிலாத் தாராவும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. வான்கோழியை மெக்சிக்கோ மக்கள் வீட்டுப் பறவையாக்கினார்கள். 1492-க்குப் பின்னரே அது கடல் தாண்டியது. அது எங்கிருந்து வந்தது என்பதில் உலகம் முழுவதும் ஒரு குழப்பம். ஆங்கிலேயர் அதைத் துருக்கி நாட்டோடு சேர்த்துப் பெயரிட்டார்கள். துருக்கியரோ அதை ‘ஹிந்தி’, அதாவது இந்தியப் பறவை என்றார்கள். பிரெஞ்சுக்காரருக்கும் அது இந்தியக் கோழி. அரபு நாடுகள் சிலவற்றில் அது ‘தீக் ரூமி’, ரோமச் சேவல். போர்த்துக்கேயருக்கு அது ‘பெரு’. ஒல்லாந்தர் அதைக் கள்ளிக்கோட்டையோடு முடிச்சுப் போட்டுக் ‘கல்கூன்’ என்றார்கள். அந்த ஒல்லாந்தச் சொல்லே சிங்களத்தில் ‘களுகுமா’ ஆயிற்று. ஒவ்வொருவரும் அடுத்தவன் நாட்டுப் பறவை என்று சொன்னார்களே தவிர, அது யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை.

தமிழில் இதற்கு இன்னொரு சுவையான சிக்கல் உண்டு. மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய வான்கோழி ஒன்று ஔவையாரின் மூதுரையில் வருகிறது. இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவையே அது என்றால், அந்த வெண்பா போர்த்துக்கேயர் வந்த பின்னர் எழுந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறேதோ பறவையின் பெயர் பிற்காலத்தில் அமெரிக்கப் பறவைக்கு மாறியிருக்க வேண்டும். இலக்கிய வரலாற்றுக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். என் அக்கறை வேறு. ஊர்காவற்றுறை, போர்த்துக்கேயர் ‘காயிஸ்’ என்று அழைத்த துறைமுகம். துறை என்றே அச்சொல்லுக்குப் பொருள். அக்காலக் கப்பல்கள் உணவுக்கென உயிர்க்கோழிகளைக் கூண்டோடு ஏற்றிச் செல்வது வழக்கம். கோழி, இறங்கிய சரக்காகவும் ஏறிய சரக்காகவும் இருந்திருக்கிறது. மூன்று கண்டங்களின் பறவைகள் ஒரே வளவில் தவிடு தின்ன நேர்ந்தது இப்படித்தான்.

* * *

இனி இந்தக் கூட்டத்தைப் பெண்கள் நடத்திய விதத்தைப் பார்ப்போம். தீவகத்து நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். மண் மெல்லிய போர்வை. நெடுந்தீவில் வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கிய மதில்கள். பல கிணறுகளில் உவர் ஏறியிருக்கும். சோழகக் காற்று அடிக்கத் தொடங்கினால் மாதக் கணக்கில் ஓயாது. இத்தகைய நிலத்தில் நெல்லை நம்பி வாழ முடியாது. பனையும் கடலும் ஆடு மாடும் வெளியூர்க் கடைத் தொழிலுமே தீவக மக்களைக் காத்தன. கோழிக்கு இந்த நிலம் பொருந்தியது. முட்டையோட்டில் 100-க்கு ஏறத்தாழ 95 பங்கு சுண்ணாம்பு. மற்ற ஊர்களில் காசு கொடுத்து வாங்கும் சிப்பித் தூள் இங்கே காலடியில் கிடக்கிறது. பனைக்குக் கீழே உக்கிய ஓலையைக் கிளறினால் புழு பூச்சி. குஞ்சுகளுக்கு, சாணமும் வைக்கோலும் இட்ட பழைய சட்டியைக் கவிழ்த்து வைத்து ஏறவிட்ட கறையான். வீட்டில் மிஞ்சிய சோறு, கழுவிய மீனின் கழிவு. கடைத் தீவனம் என்று ஒன்று தேவைப்படவில்லை.

ஊர்க்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிடும். பிறகு அடைக்குக் கிடக்கும். ஆண்டொன்றுக்கு மூன்று நான்கு ஈடு. கூட்டிப் பார்த்தால் 30 முதல் 60 முட்டை. பண்ணைக்கோழி இடும் 300-உடன் ஒப்பிட்டால் இது சொற்பம்தான். ஆனால் பண்ணைக்கோழி அடைகாக்காது. அந்த இயல்பைத் தலைமுறை தலைமுறையாக விலக்கியே அதை முட்டை இயந்திரமாக்கினார்கள். ஊர்க்கோழியோ, தன் இனத்துக்கு மட்டுமல்ல, பிற இனங்களுக்கும் தாய். கோழி முட்டை பொரிக்க 21 நாள். வான்கோழிக்கும் சாதாரணத் தாராவுக்கும் 28 நாள். கினிக்கோழிக்கு 26 முதல் 28 நாள். மணிலாத் தாராவுக்கு 35 நாள். எனவே அனுபவமுள்ள பெண், அடைக்கோழியின் கீழே முதலில் வான்கோழி முட்டையை வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்ப்பாள். எல்லாம் ஒரே நாளில் ஓடு உடைக்கும். நாட்காட்டியும் கணக்கும் தெரியாமல் இது நடக்காது. எழுத்தறியாத பெண்கள் இக்கணக்கை விரல் மடித்துப் போட்டார்கள்.

இக்கணக்கு மிகப் பழையது. 1-ஆம் நூற்றாண்டின் ரோம வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, மயில் முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்துப் பத்தாம் நாள் புதிய கோழி முட்டைகளைச் சேர்க்கச் சொல்கிறார், நோக்கம் இதேதான். இடியோசையில் முட்டை கூழாகாமலிருக்க அடைக்கூட்டில் இரும்பாணி வைக்கும் வழக்கத்தையும் அவர் குறிப்பிடுகிறார். நம் ஊர்களில் அடைக்கு வைக்கும்போது இரும்புத் துண்டும் கரியும் போடுவார்களே, அதே இரும்பு. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இது ஏதோ பட்டிக்காட்டுப் பழக்கம் என்று சிரிப்பவர்கள், ரோமாபுரியும் அப்படித்தான் செய்தது என்பதை அறியட்டும்.

இந்தக் கணக்கின் முடிவில் காசு வந்தது. அதைத்தான் நான் கோழிக்காசு என்கிறேன். 1707-இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரிக்கிறது. சட்டப்படி பார்த்தால் மனைவி கோழி விற்ற காசு தேடிய தேட்டத்தில் சேரும். வழக்கத்திலோ அது சேலைத் தலைப்பில் முடிந்த அவளுடைய காசு. கணவன் கணக்குக் கேட்பதில்லை. முஸ்லிம் வீடுகளிலும் இதே வழக்கம்தான். நமது ஷரீஅத் மனைவியின் சம்பாத்தியத்தை மனைவிக்கே உரியதாக்கியிருப்பதால் அங்கே அது சட்டமும் ஆகிறது. பிள்ளையின் கொப்பி, காய்ச்சலுக்கு மருந்து, பெருநாளுக்கோ திருநாளுக்கோ ஒரு துணி, சீட்டுக் கட்டும் பணம் எல்லாம் இதிலிருந்து வந்தன. வங்கி இல்லாத தீவில் இதுவே வங்கி. குஞ்சு வைப்பு, முட்டை வட்டி.

கோழி வாங்கக் காசில்லாதவளுக்கும் வழி இருந்தது. ஒருத்தி தன் பேட்டை இன்னொருத்தியிடம் வளர்க்கக் கொடுப்பாள். பொரித்த குஞ்சில் பாதிக்குப் பாதி. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு தீவில் இருக்கும் நயினாதீவைப் போன்ற இடத்தில், இத்தகைய கொடுக்கல் வாங்கல் வேலிகளைப் பெரிதாக மதிப்பதில்லை. கோழியே வேலியை மதிக்காத உயிர்தானே.

* * *

இந்த வங்கிக்கும் திவால் உண்டு. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுக நகரை ஒட்டியும், அதே ஆண்டில் ஜாவாவிலும் கோழிகளைக் கூட்டமாகக் கொன்ற புதிய நோய் ஒன்று பதிவாயிற்று. 1927-இல் இந்தியாவின் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இலங்கையிலும் அது அறியப்பட்டது. நாம் கோழிக் கழிச்சல் என்கிறோம். கால்நடை வைத்தியர்கள் ராணிக்கேட் என்றோ நியூகாசில் என்றோ சொல்வார்கள். தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கும், பச்சையாகக் கழியும், கழுத்து முறுகும். மூன்று நான்கு நாளில் கூடு காலி. தாராக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். கலந்து வளர்த்ததன் பயன் அப்போது தெரியும். எல்லா முட்டையும் ஒரே கூடையில் இல்லை. கலப்பதில் தீங்கும் உண்டு. கோழியின் குடற்புழுவோடு வரும் ஒரு நோய்க்கிருமி கோழியை அவ்வளவாகத் தாக்காமல் வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும். கோழியோடு வளர்ந்த வான்கோழிக் குஞ்சு தங்குவது அரிதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து 1940-களிலேயே இந்தியாவில் முக்தேஸ்வரில் உருவானது. ஆனால் தடுப்பு மருந்துக்குக் குளிர் வேண்டும். படகேறிப் போக வேண்டிய தீவுக்கு, வெயிலில், ஐஸ் பெட்டியோடு யார் பத்துக் கோழிக்கு மருந்து கொண்டு போவார்? இதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் ஸ்பிராட்புரோ. 1980-களிலிருந்து அவரும் அவருடன் உழைத்தோரும் சூட்டைத் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஆசிய, ஆபிரிக்கக் கிராமங்களில் பெண்களே அதைக் கையாளக் கற்றார்கள். வளவுக் கோழியை விஞ்ஞானம் மதித்த நிகழ்ச்சிகளில் அது ஒன்று.

மற்றப்படி விஞ்ஞானமும் அரசாங்கமும் பண்ணையின் பக்கமே நின்றன. இத்தாலியின் லிவோர்ணோத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை லெகோன் இங்கும் வந்து சேர்ந்தது. 1977-க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு தெற்கில் இறைச்சிக்கோழிப் பண்ணைகள் பெருகின. ஊர்க்கோழியைப் பின்தங்கிய பறவை என்று எண்ணுவது வழக்கமாயிற்று.

* * *

யுத்தம் வந்தபோது இந்தச் சிறு பொருளாதாரத்துக்கு நேர்ந்ததை எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. கோழியும் ஆடும் மனிதரும் ஒன்றாகப் பயணம் செய்த குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் கடற்படையினரே என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். 1990-க்கும் 1991-க்கும் இடையில் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அந்த இடப்பெயர்வு கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ வரை நீண்டது.

அதே காலத்தில், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து அறிவித்தபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலோர் புத்தளத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததாக அறிஞர் கருதுவதும் அதே புத்தளம்தான்.

வடபுல முஸ்லிம்களின் இழப்புக்களைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் பெருமுயற்சியோடு திரட்டி 2001-இல் நூலாக்கினார். அவர் போன்றோரின் உழைப்பு இல்லாவிட்டால் அக்கணக்கும் காற்றோடு போயிருக்கும். அந்த நூலைப் படித்த பின்னர் புத்தளத்தில் ஒரு மூதாட்டியோடு பேசினேன். என்னென்ன இழந்தீர்கள் என்று கேட்டு வந்தவர்களிடம் என்ன எழுதக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “வீட்ட எழுதினன், கிணத்த எழுதினன், தையல் மெசின எழுதினன் மகன்” என்றார். சற்று நேரம் பேசாமலிருந்தார். “கோழி பதினொண்டு நிண்டது. ரெண்டு அடையில கிடந்தது. கோழியப் போய் எழுதுறதா எண்டு வெக்கத்தில விட்டிட்டன்.”

எத்தனை கோழி என்பதும், அதில் எத்தனை அடையில் கிடந்தன என்பதும் அத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவருக்கு நினைவிருந்தது. அதை எழுத நிரல் இல்லை என்பதைவிட, அது எழுதத் தக்கதல்ல என்று அவரே எண்ணியதுதான் என்னை வருத்தியது. கல்வெட்டுக் காலத்திலிருந்து நாம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்த பாடம் அது.

அடைக்குத் தேவை 21 நாள். அந்த 21 நாளும் கூடு இருந்த இடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரியும் இருக்க வேண்டும். பொரித்த குஞ்சு தாயை விட்டுப் பிரிய இரண்டு மூன்று மாதம். பெட்டைக்குஞ்சு முட்டையிட ஆறு மாதம். அதாவது, கோழிக்காசு என்பது நாளையும் இங்கேயே இருப்போம் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் பொருளாதாரம். இரண்டு மணித்தியால அவகாசம் முதலில் உடைத்தது அந்த நம்பிக்கையை. நகையை மறைக்கலாம், உறுதிப் பத்திரத்தை மடிக்கலாம். அடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தூக்கினால் முட்டை குளிர்ந்துவிடும்.

* * *

2009-இல் யுத்தம் முடிந்த பின்னர், வடக்கில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குக் கோழி கொடுப்பது வழக்கமான உதவித் திட்டமாயிற்று. அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தன. கோழிக்காசின் அருமையை யாரோ கடைசியில் உணர்ந்தார்கள் என்று மகிழலாம். ஆனால் கொடுத்தது எந்தக் கோழி என்பது முக்கியம். அடைகாக்காத பண்ணையினக் குஞ்சைக் கொடுத்தால், ஓராண்டு முட்டை உண்டு. பிறகு மறுபடியும் குஞ்சுக்குக் கை நீட்ட வேண்டும். அத்துடன் கடைத் தீவனமும் வேண்டும். தீவனம் படகேறி வரும்போது விலையும் ஏறி வருகிறது. நெடுந்தீவில் ஒரு தாய் இதையே ஒரு வரியில் சொன்னார்: “தம்பி, அது முட்டை போடும், குஞ்சு போடாது.”

தெற்கின் பெரிய பண்ணைகளுக்கும் இதே பாடத்தை 2022-ஆம் ஆண்டு கற்பித்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் சோளமும் தீவனமும் தட்டுப்பட்டன, பண்ணைகள் சுருங்கின, அந்த ஆகஸ்டில் அரசாங்கம் முட்டைக்கு உச்ச விலை குறித்தது, 2023-இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கறையானும் மீன் கழிவும் தின்று வளர்ந்த வளவுக் கோழிக்கு டொலர் தேவைப்படவில்லை. ஊர்க்கோழி நாட்டுக்கே சோறு போடும் என்று நான் சொல்ல வரவில்லை. 50 முட்டையால் அது ஆகாது. ஒரு வீடு அதிர்ச்சியைத் தாங்குவதற்கு அது போதும் என்கிறேன். தீவகத்துப் பெண்கள் அதை எக்காலத்திலும் அந்த அளவுக்கே நம்பினார்கள்.

வரலாற்றை எழுதுவோரிடமும், மீள்குடியேற்றத்தைக் கணக்கெடுப்போரிடமும் எனக்கு ஒரே வேண்டுகோள் உண்டு. கட்டிய வீட்டை எண்ணுங்கள், தோண்டிய கிணற்றை எண்ணுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பூட்டிய வீடுகளும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகின்றன. வாக்காளர் பதிவுக்காக வந்து போவோரும் சேர்ந்துவிடுகிறார்கள். அதோடு, இந்த வளவில் அடைக்கோழி இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். இருந்தால், அடுத்த 21 நாளும் அந்த வீட்டில் ஒருத்தி இருக்கப் போகிறாள் என்று பொருள். நம் வீடுகளில் இன்னும் மூத்தம்மாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். எத்தனை கோழி நின்றது, எது அடையில் கிடந்தது, அந்தக் காசில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வெட்கப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.